வாடைக் கண், சோழகக் கண்

பத்திரிகையைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து வாசிக்கிற வயதுக்கு நாமெல்லோரும் வந்துவிட்டோம். ஒத்துக்கொள்ள மனமில்லாதவர்கள் மருந்துப் போத்தலில் இருக்கும் சின்ன எழுத்தை ஒருமுறை வாசித்துக் காட்டட்டும். அதனால் கண்ணைப் பற்றி நான் கதை சொன்னால் நீங்கள் எழும்பிப் போகமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இதைச் சொல்லத் தூண்டியவன் என் மகன். போன கிழமை முகத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்று காற்றோடு வாள் சண்டை போட்டான். என்னடா தெரிகிறது என்று கேட்டேன். "இது த்ரீ டி அம்மா. உங்களுக்கு விளங்காது" என்றான். எனக்கு விளங்காதாம்! திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் ஒழுங்கையில், வெசாக் விளக்குக் கூட்டுக் கடதாசியை வைத்துக்கொண்டு கொம்பியூட்டருக்குள் இருந்த மீனை வெளியே வரவழைத்தவள் நான். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் இருக்கவில்லை.

சண்டை நின்று, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறுவது குறைந்திருந்த காலம் அது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, மத்திய கிழக்கிலிருந்து லீவில் வந்தபோது ஒரு கொம்பியூட்டரைக் கொண்டுவந்தார். மூதூரில் அவருடைய வீட்டுக்கு இன்னும் மின்சாரம் வந்திருக்கவில்லை. ஆகவே பெட்டி எங்கள் வீட்டில் இறங்கியது. அதன் திரைக்குப் பின்னால் ஒரு பெரிய முதுகு இருந்தது. இரண்டு பேர் பிடித்துத்தான் தூக்கவேண்டும். சூடேறினால் புதுப் பிளாஸ்டிக்கும் தூசியும் சேர்ந்த ஒரு வாசம் வரும். அந்த வாசத்தை இப்போது எந்தக் கடையிலும் வாங்க ஏலாது.

பெட்டிக்குள் ஒரு ஆங்கிலச் சஞ்சிகையும் அதனுடன் ஒரு சீடியும் இருந்தன. வீட்டுக் கணினியில் முப்பரிமாணப் படமும் விளையாட்டும் பார்ப்பது எப்படி என்று அதில் ஆறு பக்கங்களுக்கு எழுதியிருந்தார்கள். சீடியில் கடலடிப் படம் ஒன்று இருந்தது. மலைகளுக்கு நடுவே விமானம் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றும் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் வேலையைத் தொடங்கினேன்.

விஷயம் இவ்வளவுதான். இடக் கண் பார்ப்பதும் வலக் கண் பார்ப்பதும் ஒன்றல்ல. கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். அந்த இரண்டு படத்தையும் மூளை சேர்த்துப் பார்க்கும்போதுதான் எது கிட்ட, எது தூர என்று நமக்குத் தெரிகிறது. கணினி ஒரு படத்தைச் சிவப்பிலும் மற்றதை நீலப்பச்சையிலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும். ஒரு கண்ணுக்குச் சிவப்பும் மறு கண்ணுக்கு நீலப்பச்சையும் உள்ள கண்ணாடியைப் போட்டால், ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய படம் மட்டும் போய்ச் சேரும். சொல்லச் சுகம். செய்யப் பதினொரு நாள் எடுத்தது.

படம் காட்டும் மென்பொருளை ஏற்றினால் ஒலி போனது. ஒலியைத் திருத்தினால் திரையில் எழுத்தெல்லாம் தேங்காய் அளவுக்குப் பெருத்தது. அம்மா குசினியில் சமையலுக்கு நடுவே எட்டிப் பார்த்து, "மாமான்ர சாமானைப் பழுதாக்கிப் போட்டு இருக்கிறாய்" என்று ஒரு நாளைக்கு மூன்று தரம் சொன்னார். கழற்றி ஏற்றி, நிறுத்தி முடுக்கி, கடைசியில் திரைக்கான மென்பொருளின் பழைய பதிப்பைப் போட்டதும் எல்லாம் ஒழுங்காக வந்தது. நான் அதிசயப்படவில்லை. வரும் என்று எனக்குத் தெரியும்.

கண்ணாடிதான் அடுத்த தலையிடி. சஞ்சிகையோடு வந்த ஒரேயொரு மட்டைக் கண்ணாடியை மாமாவின் பயணப்பெட்டி நசித்துவிட்டது. கடைத்தெருவுக்குப் போனேன். புத்தருடைய திருநாளான வெசாக்குக்கு விளக்குக் கூடு கட்ட விற்கிற கண்ணாடிக் கடதாசியில் சிவப்பு, நீலம், பச்சை மூன்றும் இருந்தன. நீலத்தை மட்டும் வைத்துப் பார்த்தபோது மீனுக்குப் பக்கத்தில் மீனின் ஆவி ஒன்றும் சேர்ந்து நீந்தியது. நீலத்தோடு பச்சையில் ஒரு மடிப்புச் சேர்த்து, சிவப்பை இரண்டாக மடித்து, திரையின் வெளிச்சத்தையும் குறைத்தேன். ஆவி போய்விட்டது. சேலைப் பெட்டி மட்டையில் நான்கு கண்ணாடிகள் வெட்டி, காதில் மாட்டக் கொக்கி வராததால், பாவாடை இலாஸ்டிக்கை இரண்டு பக்கமும் தைத்தேன்.

முதல் முதலில் அந்த மீன் திரையை விட்டு வெளியே வந்து என் மூக்குக்கு முன்னால் நின்றபோது நான் கையை நீட்டினேன். வெறுங்காற்று. அம்மாவுக்குக் காட்டினேன். "ஐயோ!" என்று தேநீர்க் கோப்பையைக் கையால் பொத்தினார், மீன் அதற்குள் விழுந்துவிடும் என்று. அதற்குப் பிறகு பழுதாக்கிப் போட்டாய் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

இனி அப்பா. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கப்பலில் இருந்து சீமெந்துப் பொதிகளைத் தூக்கி இறங்குதுறையில் வைப்பது அவர் வேலை. மேலே கூண்டுக்குள் இருக்கிறவருக்குக் கீழே நின்று கையால் சைகை காட்ட ஒருவர் வேண்டும். அப்பாவுக்குச் சைகை காட்டியவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம். அப்பாவை விட மூத்தவர். அப்பாவும் நாங்களும் துறைமுகத்தில் எல்லோரும் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றுதான் கூப்பிட்டோம்.

கிரேன்காரர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. அவர்கள் இடம், வலம் என்று சொல்லவேமாட்டார்கள். மேலே இருக்கிறவரும் கீழே நிற்கிறவரும் எதிரும் புதிருமாக இருப்பதால் ஒருவருடைய இடம் மற்றவருக்கு வலம். ஒரு சொல் மாறினால் ஒரு ஆள் போய்விடுவார். அதனால் காற்றின் பெயரைச் சொல்லுவார்கள். வாடை என்றால் வடக்கு, சோழகம் தெற்கு, கொண்டல் கிழக்கு, கச்சான் மேற்கு. அப்பா இந்தப் பேச்சை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். "செம்பைச் சோழகப் பக்கம் வை பிள்ளை" என்பார். நிலக்கடலைக்கும் எங்கள் ஊரில் கச்சான் என்றுதான் பெயர். மிகச் சின்ன வயதில், கச்சான் வீசப் போகிறது என்று அப்பா சொன்னதைக் கேட்டு நான் முற்றத்தில் மடியை ஏந்திக்கொண்டு நின்றேனாம்.

அப்பாவுக்கும் விளங்கட்டும் என்று, கண்ணாடிகளில் இடம், வலம் என்று எழுதாமல் சிவப்பின்மேல் 'வா' என்றும் நீலத்தின்மேல் 'சோ' என்றும் எழுதினேன். கணினி கொண்டல் சுவரோடு இருந்தது. அதைப் பார்த்து உட்கார்ந்தால் இடக் கை வாடைப் பக்கம். கணக்குச் சரி.

ஆனால் அப்பா படம் பார்க்க வரவில்லை. அந்த நாட்களில் வீட்டில் கதை பேச்சுக் குறைவு. காரணம் எனக்குத் தெரியும். அம்மா மாமாவிடம் குசினிக்குள் அழுததைக் கேட்டிருந்தேன். அப்பா குடிக்கிறார். தேநீரை வார்த்தால் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறது. வாசற்படியில் தடுக்குகிறார். கதவு நிலையில் தோள் இடிபடுகிறது. "பக்கத்தில நான் நிக்கிறதே தெரியாத மாதிரிப் போறார்" என்று சொல்லி அம்மா விம்மினார். அப்பாவின் வேலைப் பைக்குள் சாராயக் கால் போத்தல் ஒன்றையும் கண்டெடுத்திருந்தார். மாமா சொன்னார், "அக்கா, நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மூதூருக்கு வாங்கோ. ஞாயிற்றுக்கிழமை லோஞ்சுப் படகில போவம். அத்தான் திருந்தினால் பாப்பம்."

அந்தப் போத்தலை நானும் பார்த்தேன். மாதக்கணக்காக அது கழுத்துக்குச் சற்றுக் கீழ் வரை நிறைந்தபடியே இருந்தது. அம்மா போத்தலைக் கண்டாரே தவிர மட்டத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், ஆனாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. எல்லாம் தெரிந்தவளுக்கு அதுமட்டும் தெரியாமல் போனது.

பின்னேர வெயில் கச்சான் பக்க ஜன்னலால் வந்து திரையில் அடித்ததால், ஒரு புதன்கிழமை நானும் அம்மாவும் கணினியை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். அன்றுதான் அப்பா இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, காட்டு பாப்பம்" என்று கதிரையில் உட்கார்ந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தார். அப்பா கண்ணாடியை வாங்கினார், எழுத்தைப் பார்த்தார், மாட்டிக்கொண்டார்.

"என்ன பிள்ளை, எல்லாம் சிவப்பாக் கிடக்கு."

"மீன் வெளியில வருதோ?"

"ஓம் ஓம், வருது. நல்ல வடிவு."

மீன் அப்போது திரையிலேயே இல்லை, பாசிதான் ஆடிக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லுகிறார் என்று தெரிந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது மேற்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். வாடை வலப் பக்கம் வந்துவிட்டது. அப்பா, சொன்ன சொல் தவறாத கிரேன்காரர்; 'வா' என்ற பக்கத்தை வடக்குக்கே மாட்டியிருந்தார். உலகத்தில் வேறு எந்த மனிதரும் கண்ணாடியைத் திசை பார்த்துப் போட்டிருக்கமாட்டார்.

"மாறிப் போட்டுட்டீங்கள் அப்பா" என்று கழற்றித் திருப்பி மாட்டினேன். "இப்ப?"

"இப்ப எல்லாம் நீலமாக் கிடக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு கண்ணும் உள்ளவருக்கு எல்லாம் சிவப்பாகவும் தெரியாது, எல்லாம் நீலமாகவும் தெரியாது. இரண்டும் கலந்து ஒரு மங்கல் நிறம்தான் வரும். எப்படிப் போட்டாலும் ஒரு நிறம் மட்டும்தான் என்றால், பார்ப்பது ஒரு கண் மட்டும். திருப்பும்போது நிறம் மாறியது; பார்க்கிற கண் மாறவில்லை. நான் அவருடைய வலக் கண்ணைக் கையால் மூடினேன்.

"இப்ப என்ன தெரியுது?"

அப்பா என் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

"வாடைக் கண் போயிட்டுது பிள்ளை" என்றார். மேற்குப் பார்த்து உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னார். அவருக்கு அந்தக் கண் எப்போதும் வாடைக் கண்தான். கிரேன் கூண்டில் கிழக்குப் பார்த்து, வாடை இடப் பக்கமாக இருந்தபோதே அதன் வெளிச்சம் போயிருக்கிறது. மெல்ல மங்கிக்கொண்டு வந்து எட்டு மாதத்துக்கு முன்னால் முழுதாக இருட்டிவிட்டதாம். கொழும்புக்கு யாருக்கும் சொல்லாமல் போய்ப் பார்த்திருக்கிறார். நரம்பு செத்துவிட்டது, செய்ய ஒன்றுமில்லை என்றிருக்கிறார்கள்.

"அப்ப நீங்கள் குடிக்கிறேல்லையோ?"

"வாயில வைச்சதில்லை."

"ஏன் அம்மாட்டச் சொல்லேல்ல?"

"குடிகாரன் எண்டால் ரெண்டு தரம் ஏசிப்போட்டு வேலை தருவாங்கள். கண் தெரியாதவன் எண்டால் கிரேனில விடமாட்டாங்கள். தடுமாறுறதைக் கண்டுபிடிச்சால் குடி எண்டு நினைக்கட்டும் எண்டுதான் அந்தப் போத்தல். சேட்டுக் கொலரிலயும் கொஞ்சம் பூசிக்கொள்ளுறனான். எனக்கு வேற தொழில் தெரியாது பிள்ளை. அம்மாட்டச் சொல்லமாட்டாய் எண்டு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஆனால் ஒன்று கேட்டேன். "சுமை எவ்வளவு தூரத்தில நிக்குது எண்டு ஒரு கண்ணால தெரியாது. கீழ நானா நிக்கிறவர் எல்லோ?"

அப்பா எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். எனக்கு அவரில் கோபம் வந்தது. அவரை நினைத்து அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

மூன்று நாள் யோசித்தேன். அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம். நானாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தலைக்கு மேல் பொதி தொங்குகிற மனிதருக்கு அது தெரியத்தானே வேண்டும்? ஞாயிறு காலையில் படம் காட்டுகிறேன், வாங்கோ என்று நானாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அன்றைக்கே அம்மாவை அழைத்துப் போக மாமாவும் வந்திருந்தார். கூடத்தின் மூலையில் கட்டிய பயணப்பை இருந்தது. நால்வரையும் வரிசையாகக் கதிரையில் இருத்தி, கண்ணாடிகளை என் கையாலேயே மாட்டிவிட்டேன். படம் முடிய நானாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுவதாகத் திட்டம்.

மீன் வந்தது. அம்மா கத்தினார். மாமா தலையைப் பின்னுக்கு இழுத்தார். நானா "யா அல்லாஹ்!" என்று கையைத் தூக்கி, பிறகு தன்னை நினைத்தே சிரித்தார். எல்லோரும் சிரித்ததன் பிறகு அப்பாவும் சிரித்தார்.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "பாத்தீங்களோ அக்கா? மூஞ்சையில வந்து மோதுற மீன் அத்தானுக்குத் தெரியேல்ல. ஞாயிற்றுக்கிழமை காலமையே ஆள் நிலையில இல்லை. எழும்புங்கோ, போவம்."

அம்மா எழும்பினார். பையை எடுத்தார். அப்பாவைப் பார்க்கவுமில்லை. அப்பா குனிந்தபடி இருந்தார். ஒரு வாய்ச் சொல் சொன்னால் போதும். சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் எங்களை இழந்தாலும் கிரேனை விடமாட்டார், கிரேன் இல்லாவிட்டால் எங்களுக்குச் சோறில்லை என்பதால்.

"அப்பா குடிக்கிறேல்லை!" என்று கத்தினேன். "அவருக்கு இடக் கண் தெரியாது. எட்டு மாசமாத் தெரியாது. வேலை போயிடும் எண்டு ஒளிச்சு வைச்சிருக்கிறார். போத்தலைப் போய்ப் பாருங்கோ, மட்டம் குறைஞ்சிருக்கோ எண்டு!"

அம்மாவின் கையிலிருந்து பை கீழே விழுந்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. நானாவைத்தான் பார்த்தார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. எட்டு மாதம் எந்த மனிதரின் தலைக்கு மேல் பொதியை ஆட்டிக்கொண்டிருந்தாரோ, அந்த மனிதர் பக்கத்துக் கதிரையில், கண்ணில் வெசாக் கடதாசியோடு இருந்தார்.

நானா கண்ணாடியை ஆற அமரக் கழற்றி மடியில் வைத்தார். "எனக்குத் தெரியும் தம்பி" என்றார்.

"எப்ப இருந்து?" என்று அப்பா கேட்டார்.

"முதல் கிழமையில இருந்தே. அந்தப் பக்கத்தால கை காட்டினா நீங்க தலையை முழுக்கத் திருப்பிப் பாத்தீங்க. அதுக்குப் பிறகு நீங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் ஓடிப்போய் உங்கட நல்ல கண்ணுக்கு நேர நிண்டனான். சுமை இறங்கக்குள்ள இன்னும் எத்தனை அடி எண்டு விரலால காட்டினன். முந்தி நான் அப்பிடிக் காட்டுறதில்லையே, நீங்க யோசிக்கல்லையா?"

"தெரிஞ்சும் ஏன் கீழ நிண்டனீங்கள் நானா? விழுந்திருந்தால்?"

"நான் விலகினா வேற ஆளை நிப்பாட்டுவாங்க. அவனுக்கு உங்கட கண் தெரியாதெண்டு தெரியாது. அவன் மேலதான் விழும்." மடியில் இருந்த கண்ணாடியை எடுத்து என்னிடம் நீட்டிக்கொண்டு, "நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான் தம்பி. ஒவ்வொரு நாளும்" என்றார்.

அப்பா அழுதார். அம்மா அவருக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். மாமா பையைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். அவரும் ஒரு நல்ல காரியம் செய்தார் என்று இதைச் சொல்லி வைக்கிறேன்.

திங்கள் காலை அப்பா தானாகவே அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னார். நானாவும் கூடப் போனார். அப்பாவைக் கிரேனிலிருந்து இறக்கிப் பண்டகசாலையில் சாவி வைத்திருக்கும் வேலைக்குப் போட்டார்கள். நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. அப்பா பயந்தது நடக்கவே இல்லை. ஆனால் தெரிந்தும் மறைத்தார் என்று நானாவை ஒரு மாதம் வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அதை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. நான் சத்தம் போட்டது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன் என்பேன். ஆனால் நானாவின் வேலை நின்றது என் வாயால்தான்.

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அடுத்த சனிக்கிழமை கிண்ணியாவுக்குப் போனேன். இப்போது பாலம் இருக்கிறது. அப்போது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இழுக்கும் மிதவையில்தான் கடக்கவேண்டும். வழி முழுவதும் சொல்லவேண்டியதைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் நானாவின் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்க முன்னமே உதட்டில் விரலை வைத்தார்.

"மெல்லக் கதைங்க புள்ள. அவர் நித்திரை."

மணி பத்தரை இருக்கும். "சுகமில்லையோ மாமி?" என்று கேட்டேன்.

"சுகமாத்தான் இருக்கார். எட்டு மாசமா விடியும்வரைக்கும் முழிச்சுக்கொண்டு கிடந்த மனிசன். வேலைக்கு வரத் தேவையில்லை எண்டு கடிதம் வந்த அண்டைக்குப் படுத்தவர். சாப்பிட மட்டும்தான் எழும்புறார்."

உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பாடமாக்கியதில் ஒரு சொல்லும் சொல்லாமல், சுளகின் சத்தம்கூடக் கேட்காதபடி மாமி மெதுவாகப் புடைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அடுத்த மிதவையில் வீட்டுக்குத் திரும்பினேன்.